இரும்புலியூரில் திரையிட்ட ஆபரேஷன்

தாம்பரத்தில் பாதிப் பேரை எனக்கு உள்பக்கமாகத்தான் தெரியும். கடைத்தெருவில் யாராவது நிறுத்தி, "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் முகத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பேன். "வலது சினைப்பையில கட்டி எடுத்தீங்களே" என்று சொன்னால் உடனே ஞாபகம் வந்துவிடும். குழந்தையின்மைக்கு அறுவை சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேமராவும் விளக்கும் வயிற்றுக்குள் வாயு நிரப்பும் இயந்திரமும் என் பொறுப்பு. டாக்டர் கத்தரி பிடிப்பார். எதைக் கத்தரிக்கிறார் என்று அவருக்கே காட்டுவது நான்.

சமீபத்தில் பழைய இடத்துக்கு ஒரு எட்டுப் போயிருந்தேன். இப்போதெல்லாம் ஆபரேஷன் வீடியோ நோயாளியின் செல்போனுக்கு லிங்க்காகப் போகிறதாம். பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்குமாம். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண், "உங்க காலத்துல எப்படி சார் குடுப்பீங்க?" என்று கேட்டாள். "சிடியில போட்டுக் குடுப்போம். கூப்பிட்டா வீட்டுக்கே போய் விளக்கமும் சொல்லுவோம்" என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். கிண்டல் இல்லை என்று புரிய வைக்க அவளுக்கு முழுக் கதையையும் சொன்னேன். அதையேதான் இங்கே எழுதுகிறேன்.

படிப்பும் பயிற்சியும் எல்லோருக்கும் நடப்பதுதான். முதல் நாள் மயங்கி விழுந்தேன், மறுநாள் விழவில்லை, பிறகு பழகிவிட்டது. நான் உண்மையில் வேலை கற்றது டாக்டர் எஸ்தரிடம். குள்ளமான பெண்மணி. ஆபரேஷன் மேஜைக்கு அருகே ஒரு சின்ன மரப்பலகை போட்டு அதன் மேல் நிற்பார். கை கழுவிவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கியபடியே கண்ணை மூடி ஒரு ஜெபம். அப்புறம் பேச்செல்லாம் உறுப்புகளோடுதான். குடல் குறுக்கே வந்தால், "நீ எதுக்குப்பா இங்க வர்ற, உன்னை யாரும் கூப்பிடலையே" என்று மெல்ல ஒதுக்குவார். எங்களிடம் சந்தோஷமாக இருந்தால் நீ, வா, போ. கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "செல்வின், நீங்க கொஞ்சம் அந்த ஃபோகஸைச் சரி பண்றீங்களா" என்று கேட்டாரென்றால் தியேட்டரே நடுங்கும். அந்த "நீங்க"வைக் கேட்டு அழுத நர்ஸுகள் உண்டு.

நோயாளியிடம் மட்டும் கோபப்பட மாட்டார், பொய்யும் சொல்ல மாட்டார். "கண்டிப்பா குழந்தை பிறக்குமா டாக்டர்?" என்று கேட்காதவர்கள் கிடையாது. "தடையா இருந்ததை எடுத்திருக்கேன். வாய்ப்பு கூடியிருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்பார். பதினைந்து தடவை கேட்டாலும் அதே மூன்று வாக்கியம்தான்.

சிடி கொடுக்கும் பழக்கம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றைக் கிழிப்பதில்லை. தொப்புளில் ஒரு துளை போட்டுக் கேமராவை விடுவோம். இடுப்புப் பக்கம் இன்னும் இரண்டு துளை, கத்தரிக்கும் இடுக்கிக்கும். முடிந்ததும் மூன்று சின்ன பிளாஸ்திரி ஒட்டினால் தீர்ந்தது. ஒரு மாமியார் அந்த மூன்று பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அம்மாம் நேரம் கதவ சாத்திக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார். மறுநாள் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னா டாக்டரம்மா, உள்ள ஒண்ணுமே பண்ணாம அனுப்பிட்டீங்களோன்னு சந்தேகமா கீது." டாக்டர் எல்லோரையும் உட்கார வைத்தார். என் பக்கம் திரும்பி, "செல்வின், நீங்க நாளையிலேருந்து எல்லாத்தையும் பதிவு பண்ணுங்க" என்றார். நீங்க என்று சொல்லிவிட்டாரே. அன்றே சிடி வாங்க ஓடினேன்.

அதன் பிறகு சிடி இல்லாமல் யாரும் டிஸ்சார்ஜ் ஆவதில்லை. ஜனங்கள் அதை மருந்து மாத்திரையோடு சேர்த்தே கேட்டு வாங்கினார்கள். ஒருவர் ஆரம்பத்தில் பிள்ளையார் படம் போட்டுத் தரச் சொன்னார். ஒரு அம்மாள், மகளின் கர்ப்பப்பையிலிருந்து எடுத்த நார்க்கட்டியை டிவியில் பார்த்துவிட்டு, நேரில் பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறதே, மீதியை எங்கே வைத்தீர்கள் என்று சண்டைக்கு வந்தார். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, மறுமணத்துக்குப் பிறகு விந்துக் குழாயைத் திரும்ப இணைத்துக்கொள்ள வந்தவர் ஒருவர் இருந்தார். தலைமுடியைவிட மெல்லிய நூலில் குழாயைத் தைத்ததைப் பார்த்துவிட்டு, "இதை எங்க டெய்லர்கிட்ட காட்டணும் சார்" என்று வாங்கிப் போனார். காட்டியும் இருப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கவிதா வந்தார். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் பிரபுவுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. இரும்புலியூரில் மாமனார் மாமியாரோடு சொந்த வீடு. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. குறை கவிதாவிடம்தான் என்று வீட்டில் எப்போதோ தீர்மானித்திருந்தார்கள். பிரபுவின் விந்தணு ரிப்போர்ட் அப்போது கொஞ்சம் சுமார்தான். "இதைத் திரும்பப் பார்க்கணும்" என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கவிதாவுக்குச் சின்ன வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அதில் உள்ளே ஒட்டல் வந்து, வலது கருக்குழாய் மடங்கி இடுப்புச் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. கேமராவைப் பொறுத்தவரை அது எனக்குப் பெருமையான ஆபரேஷன். லென்ஸ் நுனியை வெந்நீரில் காட்டிச் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனதும் ஆவி படிந்துவிடும். ஒரு வெள்ளைத் துணியை முன்னால் பிடித்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரல்கூடப் பச்சையாகத் தெரியும். டாக்டர் ஒட்டலைப் பாலாடையை எடுப்பதுபோல ஒவ்வொரு அடுக்காக விடுவித்தார். பிறகு கீழேயிருந்து கர்ப்பப்பைக்குள் நீலச் சாயத்தை மெல்லச் செலுத்தினார். குழாய் திறந்திருந்தால் அதன் நுனியில் நீலம் எட்டிப் பார்க்கும். இடது பக்கம் வந்தது. வலது பக்கம் வரவில்லை. "வாடா தங்கம்" என்றார் டாக்டர். வந்தது.

கவிதாவின் மாமனார் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். டிஸ்சார்ஜ் அன்று என் தோளில் கை போட்டார். "தம்பி, நமக்கு டெக்னிக்கல் மேட்டர் புரிஞ்சிடும். வீட்ல இருக்கறவங்களுக்கு நீங்க வந்து சொன்னாதான் புரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடுங்க, போண்டா போடச் சொல்றேன்." இதற்கு முன்னும் ஒன்றிரண்டு வீட்டுக்குப் போய் விளக்கியிருக்கிறேன். இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அப்படித்தான் என்று நினைத்துக் கிளம்பினேன்.

ஹாலில் வாடகை நாற்காலி போட்டிருந்தார்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமியாரின் தங்கைகள், பக்கத்து வீடு, எதிர் வீடு. முன்வரிசையில் காலனி செக்ரட்டரி. மாமனார் ரேடியோ ஏரியல் போல இழுத்தால் நீளும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு டிவி பக்கத்தில் நின்றார். "மெயின் டேங்க் இதுதான்" என்று மருமகளின் கர்ப்பப்பையைக் குச்சியால் தொட்டார். "ரெண்டு பக்கமும் லைன் போகுது. ரைட் சைடு லைன்ல அடைப்பு. அதான் சப்ளை இல்ல." எனக்கு மீதம் வைத்தது கொஞ்சம்தான்.

நீலச் சாயம் வரும் கட்டம் வந்ததும் ஹாலில் பேச்சு நின்றது. "சொட்டு நீலமா தம்பி அது?" என்று ஒரு அத்தை கேட்டார். இடது பக்கம் வந்ததும் கை தட்டினார்கள். வலது பக்கத்துக்காக எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கவிதா காபித் தட்டோடு டிவிக்கு முன்னால் வந்தார். செக்ரட்டரி கழுத்தை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கம்மா, மறைக்குது" என்றார்.

கவிதா தள்ளிக்கொண்டார். திரையில் ஓடுவது அவருடைய வயிறு, அதை மறைப்பதும் அவருடைய வயிறு. யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. நீலம் வந்தது, கைதட்டல். மாமியாரின் தங்கை, "உள்ள நல்லா நீட்டா வெச்சிருக்கா" என்று பாராட்டினார். கவிதா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கையிலிருந்த போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்த சிடி கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் ஷோகேஸில் ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியும் விட்டது. ஒரு வருடம் கழித்து, கர்ப்பம் தரிக்காமல் திரும்ப வந்த கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், என் சிடி இன்னொரு காப்பி இருக்குமா?"

"ஏம்மா, தொலைஞ்சு போச்சா?"

"தொலையல சார். இப்ப யார் வீட்ல இருக்குன்னுதான் தெரியல. மாமா கேக்கறவங்களுக்கெல்லாம் குடுத்துட்டாரு. நேத்து பால்காரரு, 'ரைட் சைடு சரியாயிடுச்சாம்மா'ன்னு கேக்கறாரு."

சிரிக்காமலேதான் சொன்னார். பின்னால் நின்ற டாக்டர் எஸ்தர் கேட்டுவிட்டார். நேராக வெளியே போய், "பிரபு, நீங்க உள்ள வாங்க" என்றார். அந்த "நீங்க" எந்த வகை என்று எனக்குத் தெரியும். அன்றே அவருக்கு எல்லாப் பரிசோதனையும் நடந்தது. விந்தணு எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருந்தது. இடது விரைக்கு மேலே ரத்தக் குழாய்கள், காலில் சிலருக்கு நரம்பு சுருட்டிக்கொள்ளுமே, அதுபோல வீங்கியிருந்தன. வெரிகோசீல் என்று பெயர். அந்தக் குழாய்களைக் கட்டிவிட்டால் சிலருக்கு எண்ணிக்கை கூடும்.

"கண்டிப்பா சரியாயிடுமா டாக்டர்?" என்று பிரபு கேட்டார். அதே மூன்று வாக்கியம் கிடைத்தது.

ஆண்களுக்கான இந்த ஆபரேஷனுக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டர் வருவார், அதிகம் பேசாத மனிதர். அடிவயிற்றுக்குக் கீழே சின்னதாகக் கீறி, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, வீங்கிய குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டுவார். அதற்குள் ஒளிந்திருக்கும் தமனியை மட்டும் தொடக்கூடாது. பேனா போன்ற ஒரு கருவியை வைத்தால் தமனி இருக்கும் இடத்தில் உஸ் உஸ் என்று சத்தம் கேட்கும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், ஆகையால் நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். பிரபு மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், அது கேமராவா?"

"ஆமா சார்."

"ஓடிட்டு இருக்கா?"

"பின்ன? சிடி குடுக்கணுமே."

உஸ் உஸ் சத்தத்துக்கு நடுவே பிரபு கேமராவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்குப் புரிந்தது. அந்த ஹால், அந்தக் குச்சி, முன்வரிசையில் செக்ரட்டரி.

"சார், ஃபோகஸைக் கொஞ்சம் கம்மியா வெச்சுக்க முடியுமா?"

"ஆடாதீங்க" என்றார் வெளியிலிருந்து வந்த டாக்டர். அந்த ஆபரேஷன் முழுவதும் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

வார்டுக்கு வெளியே மாமனார் காத்திருந்தார். "தம்பி, சிடி ரெடியா? இந்த ஞாயித்துக்கிழமை வெச்சிருக்கேன். எல்லாருக்கும் சொல்லியாச்சு." டாக்டர் எஸ்தர் வந்து, நோயாளி கையில் மட்டும்தான் தருவேன் என்று சொல்லிப் பிரபுவின் கையில் கொடுத்தார். பிரபு அதை அந்தக் கணமே கவிதாவின் கைப்பையில் போட்டார், சூட்டுப் பாத்திரத்தைக் கை மாற்றுவதுபோல.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என்ன ஆகும் என்று தெரியாமல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அதே நாற்காலிகள், அதே செக்ரட்டரி. ஒரே மாற்றம், "இன்னைக்கு ஜென்ட்ஸ் மட்டும். லேடீஸ் எல்லாம் உள்ள இருங்க" என்று மாமனார் அறிவித்திருந்தார். பிரபு ஒரு தலையணை மேல் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கவிதா, அந்த சிடிய எடுத்துட்டு வாம்மா."

கவிதா வந்தார். கையில் காபித் தட்டு இல்லை, சிடி மட்டும் இருந்தது. மாமனார் கை நீட்டினார். அவரிடம் கொடுக்காமல் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, போடட்டுமா?"

பிரபு குச்சியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "வேணாம்" என்றார்.

"அதுல என்னடா இருக்கு?" என்றார் மாமனார். "செல்வின் தம்பி, நீங்க சொல்லுங்க."

"முகமெல்லாம் தெரியாது சார். ரத்தக் குழாய் மட்டும்தான்" என்றேன். உண்மையும் அதுதான்.

"என்னோடதுலயும் முகம் தெரியல மாமா" என்றார் கவிதா. கரும்பலகைக்கு முன்னால் நின்று கணக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "அவர்கிட்ட கேட்டேன். வேணாம்னாரு. அதனால போடல. என்கிட்ட அன்னைக்கு யாரும் கேக்கல." சிடியைப் பிரபுவின் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சமையலறையில் போண்டா பொரியும் சத்தம்கூடக் கேட்டது. பிரபு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"அப்பா, கவிதாவோட சிடி எங்க?"

மாமனார் யோசித்தார். செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி தரையைப் பார்த்தார். "எங்க மச்சினிச்சி கேட்டாளேன்னு குடுத்தேன். அடுத்த தெருதான்" என்றார் செக்ரட்டரி. "யாரையாவது அனுப்பி வாங்கிக்கலாம்டா, நீ உட்காரு" என்று அப்பா சொல்லச் சொல்லப் பிரபு வாசலுக்குப் போய்விட்டார். தையல் பிரிந்தால் திங்கட்கிழமை டாக்டர் எஸ்தர் என்னை எந்த மரியாதையோடு விசாரிப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஸ்கூட்டரில் உட்கார முடியாது, நடந்துதான் போக வேண்டும். பிரபு காலை அகட்டி அகட்டி முன்னால் போக, நான் பக்கத்தில், செக்ரட்டரி வழிகாட்ட, மாமனார் குச்சியை மடக்க மறந்து கையில் பிடித்தபடி, அவருக்குப் பின்னால் மொத்த ஜென்ட்ஸும். யாருக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்க மனமில்லை. எதிரே வந்தவர்கள் ஏதோ ஊர்வலம் என்று ஒதுங்கி நின்றார்கள்.

மச்சினிச்சி வீட்டில் சிடி இல்லை. பின்பக்க ஃப்ளாட்டில் குடியிருக்கும் பையனிடம் ஏதோ படங்களோடு சேர்ந்து போய்விட்டதாம். அந்த ஃப்ளாட்டின் வாட்ச்மேன் விஷயத்தைக் கேட்டதும் தலையை அண்ணாந்து மூன்றாவது மாடியைக் காட்டினார். பால்கனியில் ஒரு கயிற்றில் நாலைந்து சிடி தொங்கிக்கொண்டிருந்தன. வெயிலில் பளபளவென்று சுற்றின.

"புறாவ தொரத்தறதுக்கு கட்டிக்கீறாங்க சார்" என்றார் வாட்ச்மேன். "அது இன்னா பயப்படுதா? அது பாட்டுக்கு வந்துகினுதான் கீது."

லிஃப்ட் ஓடவில்லை. நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். பிரபு கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். நெற்றியில் வியர்வை வழிந்தது. எனக்கு அந்த மனிதன் மேல் அன்றுதான் மரியாதை வந்தது. கதவைத் திறந்த பையன், "சாரி பிரதர், ஸ்க்ராட்ச் ஆகி ஓடவே இல்ல. ஏதோ படம்னு நெனச்சிட்டேன்" என்றான். பிரபு பால்கனிக்குப் போய்த் தொங்கிய சிடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மூன்றாவதில் என் கையெழுத்தில் கவிதாவின் பெயர் பாதி அழிந்து இருந்தது. முடிச்சை அவரே அவிழ்த்தார்.

வீட்டு வாசலில் கவிதா நின்றுகொண்டிருந்தார். பிரபு சிடியை நீட்டினார். அதில் புறா எச்சம் காய்ந்து கிடந்தது. கவிதா அதை வாங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கணவரைத்தான் முதலில் பார்த்தார்.

"மூணு மாடி ஏறினீங்களா?"

"ம்."

"தையல் பிரிஞ்சிருந்தா டாக்டர் என்னைத்தான் திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சிடியை வாங்கிக்கொண்டார். பிறகு அந்த எச்சத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மாமனார் குச்சியை ஒவ்வொரு கண்ணியாக மடக்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

திங்கட்கிழமை டாக்டர் எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னேன். தையல் பத்திரம் என்று தெரிந்ததும், "நீயும் கூட நடந்தியா?" என்று கேட்டார். நீ என்றுதான் கேட்டார். "இனிமே யாருக்கும் சிடி குடுக்கறதுக்கு முன்னாடி, ஆபரேஷன் ஆனவங்களைத் தனியா வெச்சுக் கேளு. வேணும்னா குடு." ஓய்வு பெறும்வரை கேட்டேன். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்த டெக்னீஷியன் பெண்ணும் கேட்டாள், "அவங்களுக்குக் குழந்தை பிறந்துதா சார்?" எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்களும் கேட்பீர்கள் என்று தெரிந்து, எழுதுவதற்கு முன்னால் கவிதாவுக்குப் போன் செய்தேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன், எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், புறாவை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். குழந்தை விஷயத்தையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அது வேணாம் சார்" என்றார். அதனால் எழுதவில்லை.